மெஷின் நின்னா வாரேன்

நாப்பத்தொண்ணுல நிக்குது. மொதத் தடவ பதினெட்டு பர்சென்ட்டுல நின்னுச்சு. ரெண்டாந்தடவ அறுபத்திமூணு வரைக்கும் ஜம்முன்னு போயி, சரி, அம்புட்டுத்தான், முடிஞ்சுதுன்னு நான் சேலைய உதறிக்கிட்டு எந்திரிக்கப் போகையில நின்னு, தேவையான ஃபைல இன்ஸ்டால் பண்ண முடியலன்னு ஸ்கிரீன்ல ஒரு பொட்டியக் காட்டுச்சு. இப்ப நாப்பத்தொண்ணு. அதே பொட்டி. நில்லு, நல்லா நில்லு. நீ நிக்கிறதப் பாத்துட்டு முந்தானையால மூக்கச் சிந்துறவ சீனித்தாய் இல்ல. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனியாளா ஸ்டிக்கர் கடை போட்டு, லோடு ஆட்டோ, மினி பஸ், லாரின்னு அத்தன பேரு கண்ணாடியிலயும் எழுத்து வெட்டி ஒட்டினவ. ஒருத்தன் குடிச்சிட்டு வந்து, அக்கா, என் பொண்டாட்டி பேரப் பிச்சு எடுத்துட்டு வேற பேரு ஒட்டுக்கான்னு நின்னான். போயித் தூங்கி எந்திரிச்சு வா, அப்பவும் இதே பேச்சுன்னா ஒட்டுதேன்னு சொன்னேன். வரலையே. அந்தப் பேரோடதான் இன்னைக்கும் அவன் ஆட்டோ ஓடுது. அப்பேர்ப்பட்ட ஆளுகளையே சமாளிச்சவகிட்ட ஒரு இரும்புப் பொட்டி தண்ணி காட்டப் பாக்குது. காட்டு பாப்போம். வெளிய பிளாஸ்டிக் சேர்ல எம் மகன் கதிரு உக்காந்து போனத் தேய்ச்சுக்கிட்டிருக்கான். கழுத்துப் பின்னால முடி வளந்து கெடக்கு, வெட்டக்கூட நேரமில்ல போல. நிமிந்து பாக்கான், திரும்பவும் குனிஞ்சுக்கிடுதான். என்னம்மா ஆச்சுன்னு கேக்கல.

இன்னைக்கு விசயதசமி. நேத்து ஆயுத பூசைக்குச் சாமி முன்னால ஓய்வெடுத்த சாமானெல்லாம் இன்னைக்கு வேலைக்குத் திரும்பணும், ஒரு எழுத்தாச்சும் வெட்டியாகணும். அப்பத்தான் அந்த வருசம் தொழில் தொழிலா இருக்கும். எங்க தெருவுல லேத்துப் பட்டறைக்காரன் காலையிலயே ஒரு இரும்புத் துண்டக் கடைஞ்சு சத்தம் கேட்டாச்சு, தையக்கடையில பாவாடை ஓரம் அடிச்சாச்சு, நான் மட்டும் இப்படி உக்காந்திருக்கேன். காலையில கடையத் தொறந்து, சூடங்காட்டி, கம்ப்யூட்டரப் போட்டேன். ஸ்கிரீன் பூரா நீலம், அதுல வெள்ள எழுத்துல இங்கிலீசு. அமத்திப் போட்டேன், மறுபடியும் நீலம். கம்ப்யூட்டருக்கு உள்ள உசிரு மாதிரி இருக்கிற அந்த ஓஎஸ்தான் கெட்டுப்போச்சு, புதுசா ஏத்திட்டாச் சரியாப் போகும், சர்வீஸ்கார அந்தோணி ஏத்துறத எத்தன தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அவன் குடுத்த பென்டிரைவும் டிராயர்ல கெடக்குன்னு ஆரம்பிச்சதுதான். இதுல ஒண்ணு இருக்கு. வேற கடைக்காரனா இருந்தா போயி ஒரு புதுப் பொட்டிய வாங்கிட்டு வந்துருவான். ஸ்டிக்கர் வெட்டுத என் கட்டிங் மெஷினுக்கு அது ஆகாது. அது பழைய மெஷினு, அதோட வயரு அகலமா இருக்கும், அத மாட்டுறதுக்கு ஓட்டை இந்தப் பழைய பொட்டியிலதான் இருக்கு. புதுசுல ஒண்ணுலயும் கெடையாது. இது நின்னா அதுவும் நின்னுச்சு, கடையும் நின்னுச்சு. அதனாலதான் கதிரு மெட்ராசுல இருந்து எப்பக் கூப்பிட்டாலும், அந்தத் தகரத்த இன்னும் எத்தன நாளைக்குக் கட்டிக்கிட்டு அழப்போற, மூடிட்டு இங்க வந்துரும்மாம்பான். நானும் எப்பவும் ஒரே பதில்தான். இது நிக்கிற அன்னைக்கு நானே மூட்டையக் கட்டிட்டு வாரேன்யா. நிக்கட்டும், வாரேன். சொல்லும்போது எனக்கே பெருமையா இருக்கும், ஏன்னா அது நிக்காதுன்னு எனக்குத் தெரியும். இந்தத் தடவ அவன் ரெண்டு டிக்கெட்டு போட்டுட்டே வந்திருக்கான். இன்னைக்கு ராத்திரி ரயிலுக்கு. வரலைன்னா கேன்சல் பண்ணிக்கிடலாம்மான்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். இப்ப நாப்பத்தொண்ணுல நிக்குது.

சரி, பதறாத. முன்னாடி ஓட்டையில பென்டிரைவச் சொருகினேன், பதினெட்டு. பின்னாடி ஓட்டையில சொருகினேன், அறுபத்திமூணு. பென்டிரைவே சரியில்லையோன்னு அந்தோணி போட்டுக் குடுத்த சிடியப் போட்டேன், நாப்பத்தொண்ணு. அப்ப பென்டிரைவும் தப்பில்ல, சிடியும் தப்பில்ல. ஹார்டு டிஸ்க்கா? எதுல ஏத்தணும்னு கேட்டு, டிஸ்க்குல பிரிச்சு வச்ச ரெண்டு பங்கக் காட்டுச்சு பாரு, அங்கதான் கை நின்னுபோச்சு. மொதப் பங்கு அழிஞ்சாப் பரவாயில்ல. ரெண்டாவதுலதான் அத்தன டிசைனும் கெடக்கு. வேல், சிலுவை, பிறை, கழுகு, பாயிற குதிரை, எங்க ஊரு அம்மன் செண்பகவல்லித் தாயோட முகம். இந்த ஊருல பொறந்த பிள்ளைகள்ல பாதிப் பேரோட பேரு அதுக்குள்ள இருக்கு, அப்பன்மாரு வந்து வண்டியில எழுதச் சொன்னது. ஒரு பிள்ளை செத்துப்போயி, பேருக்கு மேல ஒரு பூ போட்டு வெட்டிக் குடு அக்கான்னு வந்தான் ஒருத்தன், அந்தப் பூவும் உள்ளதான் இருக்கு. மவுச ரெண்டாவது மேல கொண்டுபோகாதடி, கொண்டுபோகாதடின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு மொதல்லயே அமுக்கினேன். மூணு தடவையும் அமுக்கிட்டுச் சாமி கும்பிட்டேன். ஆனா ரெண்டாம் பங்கு இருக்கு, அளவெல்லாம் காட்டுது, டிஸ்க்குக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இந்த வித்தையெல்லாம் சொல்லிக் குடுத்ததே இவன்தான, இந்தா வெளிய உக்காந்திருக்கானே இவன். காலேஜ் லீவுக்கு வந்தப்ப இந்தப் பொட்டியத் தரையில படுக்க வச்சு, மூடியக் கழத்தி, அம்மா, இங்க பாரு, இதுதான் இதோட மூளைன்னு ஒண்ணொண்ணாக் காட்டினான். நீளமாப் பச்சையா ரெண்டு பட்டை, ரேம். கீழ்விளிம்புல தங்கக் கலர்ல பல்லுப் பல்லா இருக்கும். இந்தப் பல்லுல மட்டும் கைய வச்சுராதம்மா, வேர்வை பட்டாலே போச்சு, ஓரத்தப் பிடிச்சு எடுன்னான். நான் தெரியாம விரல வச்சுட்டேன். அம்மான்னு போட்டான் பாரு ஒரு சத்தம், என்னமோ கைப்பிள்ளைய நான் கீழ போட்டுட்ட மாதிரி. எனக்குச் சிரிப்பா வந்துச்சு, அவன் மூணு நாளு என்கிட்டப் பேசல. கோவம் அம்புட்டும் அவுக அப்பா சைடு.

இப்ப எங்க கோவிக்கான். வந்ததுல இருந்து ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. சோத்தத் தின்னுட்டுத் தட்டக் கழுவி வைக்கான். ஏலே, வையி, நான் கழுவிக்கிடுதேன்னா, பழகிப்போச்சும்மாங்கான். பழகிப்போச்சாம். சுகிர்தாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லய்யான்னேன், ஆபீசுல லீவு குடுக்கலைன்னான். மருமக நல்ல பிள்ளைதான், நான் ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன், ஆனா நான் போனு போட்டு அவகிட்டக் குடுய்யான்னா எப்பவும் குளிக்கா. ஞாயித்துக்கெழம காலையில போட்டேன், குளிக்கா. புதன்கெழம சாயங்காலம், குளிக்கா. தீவாளிக்குச் சேலை என்ன கலரு வேணும்னு கேக்கலாம்னு மதியத்துல போட்டேன், அப்பவும் குளிக்கா. அப்படி என்ன குளியல். மெட்ராசுல தண்ணியே கெடையாதும்பாங்க, இவ ஒருத்தியே அம்புட்டையும் ஊத்துதா போல. கதிருகிட்ட இதச் சொன்னா சிரிப்பான், நேத்துச் சொன்னேன், சிரிக்கல. சீயக்காயி தீந்துபோச்சாம்மான்னு பேச்ச மாத்திட்டான். நேத்து அம்புட்டு வேலை. வீட்டுல நான் கொண்டக்கடலையும் பொரிகடலையுமா லோல்பட்டுக்கிட்டிருக்கேன், கடையத் தொடைச்சுப் பொட்டு வைக்கணுமேன்னு பொலம்பினேன். நீ சுண்டலப் பாரும்மா, கடைய நான் பாத்துக்கிடுதேன்னு சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான். கலியாணத்துக்குப் பெறகு இவன் ஆயுத பூசைக்குக் கடையில கை வச்சதே கெடையாது, எனக்கு மனசு குளுந்துபோச்சு. நான் தூக்குவாளியோட வந்து பாத்தேன், கண்ணாடி பளபளன்னு இருக்கு, கட்டிங் மெஷினுக்குப் பொட்டு, கத்திரிக்கு, ஸ்கேலுக்கு, கல்லாப்பெட்டிக்கு, கீபோர்டுக்கு ஓரத்துல ஒண்ணு, பொட்டிக்கு நெத்தியில பெரிசா ஒண்ணு. உள்ளயும் தூசி தட்டிட்டேம்மான்னான். சாமி முன்னால ரொம்ப நேரம் கண்ண மூடி நின்னான். சுகிர்தாவுக்கு வயித்துல ஒண்ணு தங்கணும்னு வேண்டுதானோன்னு நெனைச்சு நானும் அதையே வேண்டிக்கிட்டேன்.

சரி, அத விடு, வேலையப் பாரு. பதினெட்டு, அறுபத்திமூணு, நாப்பத்தொண்ணு. ஏன் ஒரே எடத்துல நிக்க மாட்டேங்குது? இரு. இரு, இரு. இது எனக்குத் தெரிஞ்ச கதைல்லா. ஸ்டிக்கர் வெட்டும்போது எழுத்து கிழியும். ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல கிழிஞ்சா டிசைன்ல கோளாறு. இங்க ஒருக்கா, அங்க ஒருக்கான்னு கிழிஞ்சா டிசைனுக்கு ஒண்ணுமில்ல, பிளேடு ஆடுது. புதுசா வேலைக்கு வார பிள்ளைகளுக்கு நான் மொதல்ல சொல்லித்தாரதே இதுதான. அப்ப இதுலயும் பென்டிரைவு கெட்டிருந்தா ஒரே எடத்துலல்ல நிக்கணும், எடம் மாறி மாறி நிக்கிதுன்னா உள்ள எதுவோ ஆடுது. எது ஆடும்? ரேமு. அடி சீனித்தாயி, உன் மூளைய எங்கடி அடகு வச்சிருந்த இம்புட்டு நேரம்! பிளக்கப் பிடுங்கினேன், பொட்டியப் படுக்க வச்சேன், ஸ்குருவக் கழத்தினேன். கழத்துத சத்தம் கேட்டுக் கதிரு எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டான். என்னம்மா பண்ற? சும்மா தொறந்து பாக்கேன். அதையெல்லாம் இனித் தொறந்து என்னம்மா ஆகப்போகுது, விடேன், டீ சொல்லட்டா? சொல்லுய்யா, சீனி கம்மியா. அவன் போகல, அங்கயே நிக்கான். மூடியத் தூக்கினேன். உள்ள நெசமாவே சுத்தமா இருந்துச்சு, தூசி தட்டித்தான் இருக்கான். மொதப் பட்டைய ஓரத்தப் பிடிச்சு எடுத்தேன், பல்லெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. ரெண்டாவத எடுத்தேன். பல்லு மேல சந்தனம். காஞ்சு, மஞ்சளாப் பொருக்குத் தட்டி, பாதி உள்ளயே உதுந்து கெடக்கு. அதுக்கு நடுவுல ஒரு துளி குங்குமம். அம்புட்டு அழகாப் பொட்டு வச்சிருக்கு.

அட கிறுக்குப் பயலே, பக்தி முத்திப்போயி இதுக்குமாடா பொட்டு வைப்பன்னு சிரிப்புத்தான் மொதல்ல வந்துச்சு. லேத்துக்காரன் மோட்டாருக்குள்ள பொட்டு வச்சு நாசமாக்கினான், பேங்க்குல பிரிண்டருக்கு வச்சாங்க, வருசா வருசம் எங்க ஊருல நடக்குறதுதான். திரும்பி அவங்கிட்டச் சொல்லிச் சிரிக்க வாயத் தொறந்துட்டேன். தொறந்த வாய் அப்படியே நின்னுபோச்சு. யாரு வேணும்னாலும் வைக்கலாம். இவன் எப்படி வைப்பான்? வேர்வை பட்டாலே போச்சுன்னு சொன்னவன். விரலு பட்டதுக்கு மூணு நாளு பேசாம இருந்தவன். அத வெளிய எடுத்து, பல்லப் பாத்து, சந்தனத்தக் கொழைச்சு, பல்லு மேலயே அப்பி, திரும்ப மாட்டியிருக்கான். மெஷினு நின்னா வாரேன். நாந்தான சொன்னேன். ரெண்டு டிக்கெட்டு. நிமிந்தேன். வாசல்ல நிக்கான், என் கையில இருக்கிற பட்டையப் பாக்கான், என் மூஞ்சியப் பாக்கல. ஏ துரோகின்னு வயித்துல இருந்து கெளம்புச்சு. என் சோத்துல மண்ணள்ளிப் போடுறதுக்கா சாமி பேரச் சொல்லிச் சந்தனத்த எடுத்துட்டு வந்த? இது நின்னா நான் என்னடா ஆவேன், உன் வீட்டுல டிவி முன்னால உக்காந்து, போறவன் வாறவனுக்குக் கதவு தொறந்து விடணுமா? அப்படிக் கேட்டிருப்பேன், நாக்கு நுனிக்கு வந்துருச்சு. ஆனா அவன் சட்டையில மேல ரெண்டாவது பட்டன் இருக்குல்ல, அது வெள்ளச் சட்டைக்குக் கறுப்பு நூலுல தச்சிருந்துச்சு. கோணலா, சுத்திச் சுத்தி, ஊசி பிடிக்கத் தெரியாதவன் தச்சது. தட்டக் கழுவுறான். பழகிப்போச்சும்மா. கழுத்துல முடி. எப்பவும் குளிக்கா. ஞாயித்துக்கெழம குளிக்கா, புதன்கெழம குளிக்கா, தீவாளிச் சேலைக்கும் குளிக்கா. ஆத்தா செண்பகவல்லி. அந்த வீட்டுல யாரும் குளிக்கவே இல்லையே.

டிராயர்ல ரப்பர் தேடினேன். ஒரு நிமிசம் தேடாம இருந்தா நான் உடைஞ்சிருப்பேன், அதனால கெடைச்ச பெறகும் தேடிக்கிட்டிருந்தேன். பென்சில் எழுத்த அழிக்கிற ரப்பர்தான், பல்ல அதுல தேய்ச்சா மினுங்கும், அதுவும் அவன் காட்டிக் குடுத்ததுதான். தேய்ச்சேன். மஞ்சப் பொடியா, செவப்புப் பொடியா உதுருது, ஊதினேன், பிரஷ்ஷால உள்ள கெடந்ததையும் தட்டினேன், ஒரு பொட்டு மிச்சமில்லாமத் தேய்ச்சேன். நாளைக்கு அவன் பாத்தாலும் அங்க எதுவும் இருக்கக்கூடாது. டீ வந்துச்சு, கதிருதான் வாங்கிட்டு வந்து பக்கத்துல வச்சான். என்னம்மா இருந்துச்சுன்னு கேட்டான். தூசின்னேன். தூசியா? தூசிதான்யா, எவ்வளவு தட்டினாலும் எங்கயாவது கொஞ்சம் நின்னுக்கிடும். அவன் தரையில கெடந்த மஞ்சப் பொடியப் பாத்துக்கிட்டே நின்னான். நான் பட்டைய ஓரத்தப் பிடிச்சு உள்ள வச்சு அமுக்கினேன், டக்குன்னு உக்காந்துச்சு. மூடினேன், போட்டேன், மொதப் பங்குதாண்டின்னு சொல்லிக்கிட்டே அமுக்கினேன். பதினெட்டு தாண்டுச்சு. நாப்பத்தொண்ணு தாண்டுச்சு. ரெண்டு பேரும் ஸ்கிரீனையே பாக்கோம், ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிடல. அம்பது. அம்பத்தஞ்சு. அறுபத்திமூணு வந்தப்ப மூச்ச இழுத்துப் பிடிச்சிருக்கேன், அறுபத்திநாலுன்னு காட்டுச்சு. வாடி என் ராசாத்தின்னு பொட்டியத் தட்டினேன். அப்படியே, ஸ்கிரீன விட்டுக் கண்ண எடுக்காமக் கேட்டேன். சுகிர்தா போயி எத்தன நாளுய்யா ஆச்சு?

எழுவது, எழுவத்தஞ்சுன்னு அது பாட்டுக்குப் போகுது. பெறகு பக்கத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு, சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்தா மொனங்குவானே, அந்தச் சத்தம். சித்திரையில போனாம்மா. நீ கேட்டா என்ன சொல்லன்னு தெரியல. வீட்டுக்குள்ள போனா லைட்டு போடவே கை வர மாட்டேங்குது. நீ வந்து ஒரு நாலு நாளு இருந்தா நல்லாருக்கும்னு... அதச் சொல்றதுக்கு என்னடா உனக்குன்னேன். எத்தன தடவ கேட்டேன்மா, மெஷினு நின்னா வாரேம்பியேன்னான். எனக்குப் பொறி கலங்கிப்போச்சு. நெசந்தான. பெருமையடிச்சவ நாந்தான. அதுக்குப் பெறகு நான் ஒண்ணும் கேக்கல, அவ ஏன் போனா, தப்பு யாரு மேலன்னு ஒண்ணும். தலையில கைய வச்சேன், முடி சிக்குப் பிடிச்சுக் கெடந்துச்சு. மொதல்ல போயி முடி வெட்டிட்டு வாலே, உன்னக் கூட்டிக்கிட்டு ரயில்ல போனா பாக்கிறவன் என்ன நெனைப்பான்னேன். என்னம்மா சொல்றன்னான். போயிட்டு வா சொல்லுதேன்.

அவன் வாரதுக்குள்ள ஓஎஸ் ஏறி முடிஞ்சு, ரெண்டாம் பங்குல இருந்து கட்டிங் சாஃப்ட்வேரையும் ஏத்திட்டேன். வயரச் சொருகினேன், மெஷினு ஒருக்காக் கழுத்த அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிட்டு நான் ரெடின்னு நின்னுச்சு. டிசைனெல்லாம் இருக்கு, வேலும் சிலுவையும் குதிரையும் அந்தப் பூவும். விசயதசமிக்கு மொத வெட்டு எப்பவும் அம்மன் பேருதான். இன்னைக்கு மாத்தினேன், அவ கோவிச்சுக்கிட மாட்டா, அவளும் பொம்பளதான. செவப்பு ரோல மாட்டி, பெரிய எழுத்தா அடிச்சு, வெட்டவிட்டேன். பிளேடு ஆடல, அசங்கல, வெண்ணெயில போற மாதிரி போச்சு. கதிரு முடி வெட்டி மூஞ்சி கழுவிட்டு வந்து நின்னான், சின்னவனாத் தெரிஞ்சான். இந்தா, வேண்டாததப் பிச்சு எடுன்னு அவன் கையில குடுத்தேன். சின்னப் பிள்ளையில செஞ்ச வேலை, கை மறக்கல, எழுத்தோட ஓட்டைக்குள்ள இருக்கிறதையெல்லாம் நகத்தால நெம்பி எடுத்தான். எடுக்க எடுக்க வாசிச்சான். கடை பத்து நாள் லீவு. ஓனர் மகன் வீட்டுக்குப் போயிருக்கு. வாசிச்சிட்டுத் திரும்பவும் மொதல்ல இருந்து வாசிச்சான். மெஷினுதான் ஓடுதேம்மான்னான். ஓடுதுல்லா, அதான் வாரேன். நின்ன மெஷின அப்படியே போட்டுட்டு எவடா ஊருக்குப் போவா? பத்தாம் நாளு திரும்பி வருவேன், கார்த்திகைக்கு மால போடுத வண்டியெல்லாம் வந்து நிக்கும், சொல்லிட்டேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணித் தொலைச்சுட்டியா? இல்லம்மான்னான். அழுகுறானா சிரிக்கானான்னு நான் பாக்கல. அப்ப கண்ணாடியத் தொடைச்சு விடு, ஒட்டணும்னேன்.